பாத்தியை மிதிக்காதீர்

காட்டுப் பூ விதையை அப்படியே தூவக் கூடாது, ஐயா. மணலில் கலந்துதான் தூவ வேண்டும். இல்லாவிட்டால் ஓரிடத்தில் கொத்தாக முளைக்கும், பக்கத்து இடம் வழுக்கையாகக் கிடக்கும். எங்கள் மலைப்பாதைப் பூக்குழுவில் இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள், மண்வெட்டியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்வார்கள், வெயில் ஏறுவதற்குள் வீடு போய்ச் சேர்வார்கள். குறையாகச் சொல்லவில்லை. பொதுக் காரியம் என்றால் இழுத்துப் போட்டுச் செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

இறந்துபோனவர் என் மனைவியின் அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். தினமும் காலையில் அந்தப் பாதையில்தான் நடப்பார். விதை தூவுவதற்கு முன்னால் அங்கே தானாக வளர்ந்து கிடந்த செடிகொடிகளை எல்லாம் மருந்தடித்துக் காயவைத்திருந்தோம். காட்டுப் பூவுக்கு இடம் வேண்டுமல்லவா. அதைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னிலையிலும் கேட்டார்.

“ஏன் மாப்ளே, காட்டுப் பூன்னா தானா வர்றதுதானே? இருந்ததைக் கொன்னுட்டு, கடையில பாக்கெட் வாங்கித் தூவுறீங்களே?”

குழுவே சிரித்தது. செயலாளர் அம்மாள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். இன்றுவரை அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பாதை திரும்பும் வளைவில்தான் பூ நன்றாக வந்தது. இடம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மலைச்சரிவு, அதை ஒட்டி எங்கள் பாத்தி. பிறகு நடக்கும் வழி. வழியின் மறு ஓரத்தில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு அப்பால் கொஞ்சம் தரை, பிறகு பள்ளம். வழி குறுகல் என்பதால் எதிரெதிரே வருகிறவர்கள் பாத்தியில் கால் வைத்து ஒதுங்கினார்கள். மச்சானோ, எதிரே ஆளே இல்லாவிட்டாலும் பாத்தியில்தான் நடந்தார். ‘பாத்தியை மிதிக்காதீர்’ என்று பலகை எழுதி வைத்தேன். “பலகை நல்லா பூத்திருக்கு மாப்ளே” என்று சொல்லிக்கொண்டே மிதித்தார்.

அதனால் முளைகளைப் பிடுங்கி, கயிற்றைப் பள்ளத்துப் பக்கமாகத் தள்ளிக் கட்டினேன். ஒரேயடியாக இல்லை, அவ்வப்போது ஒரு சாண். வழி அகலமாகிவிட்டது என்று ஜனங்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். யாரும் தரையைப் பார்த்து நடப்பதில்லை, ஐயா. கயிறு எதுவரை இருக்கிறதோ அதுவரை தரையும் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். பொதுமக்களிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் அது. ‘மண் சரியும் இடம்’ என்று நகராட்சிப் பொறியாளர் வைத்திருந்த மஞ்சள் பலகையையும் நான்தான் எடுத்தேன். நீலப் பூக்களுக்கு நடுவே பார்க்கச் சகிக்கவில்லை. தூக்கி எறியவில்லை, ஒரு புதருக்குப் பின்னால் மரியாதையாக நிற்க வைத்திருக்கிறேன்.

அங்கே மண் நிற்காது என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். கடைசி முறை முளை அடிக்கச் சுத்தியலே தேவைப்படவில்லை. கையால் அழுத்தியதுமே இறங்கிவிட்டது. அவ்வளவு இளகிய மண். வெளியே சொன்னால் கயிற்றைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்வார்கள். எங்கள் பூப்பாதையின் திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் என் மனைவி எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்தாள். “நான் அண்ணன்கிட்ட பேசிக்கிறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க” என்றாள். என்ன பேசினாளோ, விழாவன்று காலையில் மச்சான் முகம் கழுவின பிள்ளைபோல வந்து நின்றார். நான் பாத்திக்கும் சரிவுக்கும் இடையே நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“தங்கச்சி அழறா மாப்ளே. நான் பேசினது தப்புதான். இனிமே உங்க பூ பக்கமே வரல. கயிறை ஒட்டியே நடக்கிறேன், போதுமா?”

“போதும் மச்சான்” என்றேன்.

சொன்ன சொல் தவறாதவர். கயிற்றை ஒட்டியே நடந்தார். வளைவில் மண் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. அவர் கீழே போனார், போகிற போக்கில் ஒரு முளையைப் பிடித்துக்கொண்டார். தலையும் கையும் மேலே தெரிந்தன. “கையைக் குடுங்க மாப்ளே” என்றார். அப்போதும் வாங்க போங்க என்றுதான் பேசினார். எனக்கும் அவருக்கும் நடுவே பாத்தி மட்டும்தான் இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் போதும்.

ஓடினேன், ஐயா. ஓடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாத்தி முடியும் இடம் வரை ஓடி, சுற்றிக்கொண்டு வந்தேன். பலகை எழுதி வைத்தவனே மிதித்தால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? நான் வந்து சேர்ந்தபோது அங்கே முளையும் இல்லை, மச்சானும் இல்லை.

என் மனைவி இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம், ஆறியதும் பேசுவாள். விழாவைத் தள்ளி வைத்துவிட்டார்கள், அதில்தான் எனக்கு வருத்தம். பூ ஒன்றுகூட நசுங்கவில்லை. நீங்கள் இடத்தைப் பார்க்க வரும்போது உங்கள் போலீஸ்காரர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். தயவுசெய்து கயிற்றை ஒட்டியே நடக்கட்டும்.