இடப்பக்கம் சாயும் முடிச்சு

பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்து நான்கு. பட்டப்படிப்பு முடித்தவள். ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பாளராக வேலை பார்க்கிறேன். பெண் ஆய்வாளர் முன்னிலையில், நிலைய எழுத்தர் எழுதிக்கொள்ள, நானாக முன்வந்து சொல்லும் வாக்குமூலம் இது.

நான் மேற்படி முகவரியில் மூன்றாவது மாடியில் என் கணவருடனும் அவருடைய தங்கையுடனும் வசித்து வருகிறேன். கணவர் லிப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறார். இந்தப் புகாரில் குற்றம் சாட்டப்பட்டிருப்பது அவருடைய தங்கை. வயது முப்பத்தெட்டு. அவள் முழுப்பெயர் மனுவில் உள்ளது. வீட்டில் நாங்கள் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஆய்வாளர் அனுமதித்ததால் இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

புகார்தாரர் பெரிய கைப்பைக் கடை ஒன்றின் முதலாளி. கடைக்குப் பின்னால் உள்ள அவருடைய பட்டறையில் வாலு ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். மூன்று வருடங்களுக்கு முன்பு தோல் வெட்டும் பிரஸ்ஸில் அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் சிக்கியது. விரலை எடுக்க வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னார், ஆனால் அது மடங்குவதில்லை. நகம் இருந்த இடத்தில் தழும்பு மட்டும் இருக்கிறது. "கை சரியானதும் சொல்லி அனுப்பு" என்று முதலாளி சொன்னாராம். அவள் இரண்டு முறை சொல்லி அனுப்பினாள். பதில் வரவில்லை. அதன் பிறகு அவள் ஒரு சூட்கேஸையும், கண்ணாடி மணிகள் நிறைந்த ஒரு பிஸ்கட் டின்னையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

கைக்குப் பயிற்சி தரும் மருத்துவர், சும்மா இருக்கக் கூடாது, கயிறு கட்டிப் பழகு என்று சொல்லியிருந்தார். அதனால் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாள் முழுவதும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள். மடங்காத விரல் குறுக்கே நிற்பதால் வலது கையால் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு, இடது கையால் சுற்றி இழுக்கப் பழகினாள். முதல் இரண்டு மாதம் அவள் கட்டியது எல்லாம் அவிழ்ந்தது. அவள் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அவிழ்ந்ததைப் பார்த்து "போடா" என்பாள், மறுபடி கட்டுவாள்.

அதன் பிறகு ஒரு நாள் அவள் கட்டிய முடிச்சு அவிழவில்லை. கோலிக்குண்டு அளவுக்கு உருண்டையாக இருந்தது. அதில் இரண்டு நீல மணிகளைக் கோத்து எனக்குக் காதணி செய்து கொடுத்தாள். நான் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்று கிளினிக்கில் நான்கு பேர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். வீட்டில் வந்து சொன்னேன்.

"பல்வலியோட வர்றவங்க உன் காதையா பாத்துட்டு இருந்தாங்க?" என்றார் கணவர்.

"வலியை மறக்க வச்சிருக்கேன்ல அண்ணா. டாக்டர் எனக்குப் பங்கு தரணும்" என்றாள் வாலு.

ஆன்லைனில் ஒரு கடை போடலாம் என்று சொன்னது நான். வாலு ஒரு வாரம் பிடி கொடுக்கவில்லை. அதன் பிறகு ஒரு பையைத் தைத்து முடித்து என் முன்னால் வைத்தாள். தடித்த பருத்தித் துணி, கயிற்றால் பின்னிய கைப்பிடி. ஜிப் கிடையாது, காந்தம் கிடையாது. வாயில் ஒரு வளையமும் அந்த உருண்டை முடிச்சும்தான். முடிச்சின் ஒரு மடிப்பை அழுத்தினால் திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. "இது கடைல இருக்கலாமா அண்ணி?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். கடைக்கு முடிச்சு என்றே பெயர் வைத்தோம்.

கடையைப் பற்றிச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். பால்கனியில் துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில், வெள்ளைத் தலையணை உறையை விரித்து, காலை எட்டு மணி வெயிலில் என் கைபேசியால் படம் எடுப்போம். எட்டரை ஆனால் எதிர்க் கட்டிடத்தின் நிழல் விழுந்துவிடும். விவரம் எழுதுவது நான். செய்வது, தைப்பது, பொதிவது எல்லாம் வாலு. கடையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அவள் கைவேலை. ஒவ்வொரு புதிய மாதிரிப் பையையும் கணவர் அந்தக் கம்பியில் மாட்டி, உள்ளே ஆறு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை அடுக்கித் தொங்கவிடுவார். லிப்ட் கயிற்றுக்கு அவர் செய்யும் சோதனையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒரு முழு நாள் தொங்காத எதையும் வாலு கடையில் ஏற்றவிடமாட்டாள். அக்கம்பக்கத்தில் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரியவில்லை.

கடை திறந்து பதினோரு நாள் ஒருவரும் வாங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் யாரென்று தெரியாத ஒருவர் ஒரு கழுத்து மாலை கேட்டிருந்தார். வாலு அந்தப் பார்சலை ஒட்டிவிட்டு மூன்று முறை பிரித்தாள். மூன்றாம் முறை மாலையையே பிரித்துப் புதிதாகக் கோத்தாள். பச்சை மணி ஒன்றில் மயிரிழை அளவுக்குக் கீறல் இருந்ததாம். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு பைகளும் போகத் தொடங்கின. ஒரு பெண் பை திறக்கவே இல்லை என்று கத்தரிக்கோலால் கைப்பிடியை வெட்டிவிட்டு, கோபமாக எழுதியிருந்தார். நான் பதிலுக்குக் கொஞ்சம் காரமாக எழுதினேன். வாலு அதை அனுப்பவிடவில்லை. பையைத் திரும்ப வரவழைத்து, புதுக் கைப்பிடி பின்னி அனுப்பினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பையிலும் முடிச்சை எப்படித் திறப்பது என்று மூன்று படம் வரைந்த சீட்டு ஒன்றை வைக்கிறாள். எல்லாச் சீட்டும் அவள் கையால் வரைந்தது. ஒன்றைப் பிரதி எடுத்துக்கொள்ளலாமே என்றேன். "அவங்க கொடுத்த காசுக்குப் பிரதியா அண்ணி?" என்றாள்.

இனி நான் சொல்ல வேண்டியது என் தவறு.

கடையில் முடிச்சுக் கட்டும் கைகளின் படங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அவை எல்லாம் என் கைகள். வாலு கட்டிக்கொண்டே வந்து, பாதியில் கயிற்றை என் விரல்களில் மாட்டிவிடுவாள். கைபேசியைத் தானாகப் படம் எடுக்கும்படி வைத்திருப்போம். படத்துக்கு வெளியே குனிந்து நின்று, கயிறு தொய்யாமல் மறு முனையை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். படத்தின் கீழே 'நானே என் கையால் கட்டியது' என்று எழுதியது நான். உன் விரலைப் பார்த்தால் பரிதாபப்பட்டு வாங்குவார்கள், அது உனக்கு வேண்டுமா என்று அவளிடம் சொன்னேன். உண்மையில் நான் நினைத்தது அது அல்ல. அந்த விரலைப் பார்த்தால் வாங்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "சரி அண்ணி. உங்க கை அழகா இருக்கு. நான் கட்டுறேன், நீங்க போஸ் குடுங்க" என்றாள். அதன் பிறகு உங்கள் விரல்களில் வித்தை இருக்கிறது என்று பலர் எழுதினார்கள். எல்லோருக்கும் நான் நன்றி சொல்லிப் பதில் போட்டேன்.

சென்ற மாதம் முதலாளி புகார் கொடுத்தார். முடிச்சு வைத்த அந்தப் பை ஐந்து வருடங்களுக்கு முன்பே தன் பட்டறையில் உருவான மாதிரி என்றும், வாலு அதைத் திருடிக்கொண்டு போனாள் என்றும், திருடியதை மறைக்கத்தான் வேறொரு பெண்ணின் கையைக் காட்டி வியாபாரம் செய்கிறாள் என்றும் அதில் இருக்கிறது. அன்றே எங்கள் கடைப் பக்கத்தை முடக்கிவிட்டார்கள். காவலர் ஒருவர் வந்து வீட்டில் இருந்த அறுபத்து மூன்று பொருட்களையும் இரண்டு சாக்கில் எடுத்துக்கொண்டு போனார். சாக்கைக் கட்ட அவரிடம் கயிறு இல்லை. வாலுதான் கொடுத்தாள்.

முதல் இரண்டு குற்றச்சாட்டும் பொய் என்று எனக்குத் தெரியும். மூன்றாவதற்கு இடம் கொடுத்தது நான். அந்த எண்ணம்தான் இன்று காலை என்னை இன்னொரு தவறு செய்ய வைத்தது. நான் அந்தப் பட்டறையின் படி ஏறியதே இல்லை. முடிச்சுப் போடுவது நான்தான் என்று சொல்லிவிட்டால் புகாரே நிற்காது என்று கணக்குப் போட்டு, நிலையத்துக்கு வரும் பேருந்தில் அவளிடம் சொன்னேன்.

"அண்ணி, உங்களால ஒரு முடிச்சு போட முடியுமா?"

"முடியாது."

"அப்ப வாயைத் திறக்காதீங்க. உங்களுக்குப் பொய் சொல்லவும் வராது, முடிச்சுப் போடவும் வராது."

இருந்தும் நான் திறந்தேன். விசாரணையில் ஆய்வாளரின் மேஜைமேல் இரண்டு பைகள் இருந்தன. ஒன்று எங்களிடமிருந்து கைப்பற்றியது. இன்னொன்று, ஐந்து வருடப் பழைய மாதிரி என்று முதலாளி கொண்டு வந்தது. அதில் அவருடைய கடை லேபிள் இருந்தது. யார் செய்தது என்று ஆய்வாளர் கேட்டதும், "நான்தான் மேடம்" என்று சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்காமல் ஒரு கயிற்றை என் பக்கம் தள்ளி, "கட்டுங்க" என்றார். நாற்பது படங்களில் அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கிறேன். முதல் சுற்றுக்குப் பிறகு எந்த முனை எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கயிறு என் கையில் வெறும் கயிறாகவே இருந்தது.

முதலாளி சிரித்தார். "பாத்தீங்களா மேடம், குடும்பமே சேர்ந்து நாடகம் போடுறாங்க" என்றார். அந்த நேரத்தில் வாலுவை நானே உள்ளே தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன்.

வாலு என் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். தான் கட்டவில்லை. முதலாளியோடு வந்திருந்த பட்டறை மேஸ்திரியிடம் நீட்டினாள். அவர் பட்டறையில் அவளுக்கு அடுத்த மேஜையில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவர்.

"அண்ணே, பட்டறையில கைப்பிடி நுனிக்குப் போடுவோமே, அந்த உருண்டை முடிச்சு ஒண்ணு போடுங்க."

அவர் முதலாளியைப் பார்த்தார், ஆய்வாளரைப் பார்த்தார், பிறகு போட்டார். நல்ல முடிச்சு. அதைப் பைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள் வாலு. மேஸ்திரியின் முடிச்சில் மடிப்புகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. முதலாளி கொண்டு வந்த பையில் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. எங்கள் பையிலும் இடப்பக்கம்தான்.

"பட்டறையில யாராவது இப்படிப் போடுவாங்களா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

மேஸ்திரி பையை எடுத்து முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். "இல்ல மேடம். இவளும் அப்ப எங்களை மாதிரி வலது கையாலதான் போடுவா. இது இவ விரல் போனதுக்கு அப்புறம் போட்டது" என்றார்.

"நீ யாருகிட்டய்யா சம்பளம் வாங்குற?" என்றார் முதலாளி.

"உங்ககிட்டதான் முதலாளி. முடிச்சு இப்படி இருக்குதே, நான் என்ன பண்ணட்டும்?"

விரல் போய் மூன்று வருடம்தான் ஆகிறது. ஐந்து வருடத்துக்கு முன்பு அப்படி ஒரு முடிச்சு இருந்திருக்க முடியாது. எங்கள் கடையில் வாங்கிய பையில் லேபிள் தைத்துக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆய்வாளருக்கு எனக்கு முன்பே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் லேபிளின் தையலை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார். முதலாளி, கடையில் மாதிரி மாறிப் போயிருக்கலாம் என்றார். எப்படி மாறியது என்பதை எழுத்தில் தரும்படி ஆய்வாளர் சொன்னார்.

அதன் பிறகு வாலுவையும் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். வேறு கயிறு கைக்கு எட்டாததால், இந்த வழக்கின் கோப்பைக் கட்டியிருந்த கயிற்றையே இழுத்துப் போட்டாள். வலது கையின் அந்த ஒரு விரல் நேராக நீட்டிக்கொண்டு நிற்க, இடது கை அதைச் சுற்றி வந்து வந்து போனது. இரண்டு வருடத்துக்கு மேலாக அவள் அருகில் நின்று படம் எடுத்தவள் நான். அந்த விரலும் வேலை செய்கிறது என்பதை, கயிறு அதன்மேல் சாய்ந்துதான் திரும்புகிறது என்பதை, இன்றுதான் பார்த்தேன். அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். முகம் சுளித்தவர் ஒருவரும் இல்லை. ஒரு காவலர் கையில் இருந்த டீயைக் குடிக்காமல் நின்றார்.

முடிச்சு விழுந்த பிறகு எழுத்தரால் கோப்பைத் திறக்க முடியவில்லை. பேனாவின் பின்முனையால் நெம்பிப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலைத் தேடினார்.

"சார், சார், வெட்டிராதீங்க. இந்த மடிப்பை அழுத்துங்க" என்று வாலு எழுந்து போய்க் காட்டினாள். என்னிடம் திரும்பி, "இதுக்குத்தான் அண்ணி சீட்டு வரைஞ்சு வைக்கிறேன். யார் படிக்கிறாங்க?" என்றாள்.

காலையில் "நான்தான் மேடம்" என்று நான் சொன்னது பொய். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கடைப் பக்கத்தில் 'நானே என் கையால் கட்டியது' என்று இரண்டு வருடத்துக்கு மேலாக எழுதி வந்ததும் பொய். பக்கம் திரும்பக் கிடைத்தால் அந்த நாற்பது படங்களையும் நீக்கிவிட்டு, அவள் கையின் படங்களைப் போடுவேன். இதை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வாலுவிடம் சொன்னேன். அவள் தன் கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"போடுறதா இருந்தா நகப்பூச்சு வாங்கிக் குடுங்க. நாலு விரலுக்குத்தான், மிச்சம் பண்ணிக்கலாம்" என்றாள்.

மேற்கண்டவற்றை எழுத்தர் எனக்கு முதலிலிருந்து படித்துக் காட்டினார். ஓரிடத்தில் 'எங்கள் கைவேலை' என்று எழுதியிருந்ததை 'அவள் கைவேலை' என்று மாற்றச் சொன்னேன். அடித்துத் திருத்தி, பக்கத்தில் என் சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டார். மற்றபடி இதில் உள்ளவை என் கண் பார்த்ததும் நான் செய்ததும்தான். யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
குற்றம் சாட்டப்பட்டவரின் அண்ணி