கை தூக்கிய சிறிதரன்

இரவு பத்தரை. வென்ட்வேர்த்வில் புறநகருக்கு அப்பால், ரெயில் பாதையை ஒட்டிய ஆளில்லாத வீதி... அதன் முனையில் பழைய நகரசபை மண்டபம். பக்கத்துப் பெரிய சபையோடு இணைத்து அந்த நகரசபையை எப்போதோ ஒழித்துவிட்டார்கள். மிஞ்சிய மண்டபத்தை வாடகைக்கு விடுகிறார்கள்.

என் நண்பன் சஞ்சீவின் சித்தப்பா சிறிதரன் நம் தமிழ்ச் சங்கச் செயலாளர். அன்று கூட்டம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். மண்டபத்தைப் பூட்டும் திறப்பு அவரிடம். விளக்கை அணைத்தார்... மேல்மாடியில் யாரோ உட்காரக் கதிரையை இழுக்கும் சத்தம். சுருட்டு மணம்.

ஏறிப் போனார். பூட்டிய சபை அறைக்குள் ஒரு குரல் ஆங்கிலத்தில் எதையோ வாசித்து முடித்து, "யார் வழிமொழிகிறீர்கள்?" என்றது. மறுபடி கேட்டது... அப்படியொரு களைப்பு அந்தக் குரலில்.

நம் ஆட்களைத்தான் தெரியுமே! கூட்டம் முடிந்தால்தான் கொத்துரொட்டி. எவன் எதை முன்மொழிந்தாலும் பசியில் ஒருவன் கை தூக்கிவிடுவான். பெரும்பாலும் அது சிறிதரன்தான். பழக்கதோஷம்... கையும் வாயும் முந்திக்கொண்டன.

"ஓம், நான் வழிமொழியிறன்!"

டொக். மரச்சுத்தியல்.

"ஹார்ட்லி வீதி இன்றிரவோடு மூடப்படுகிறது."

ஐயோ, அவர் வீடு இருப்பதே அந்த வீதியில்தான்!

விழுந்தடித்துக் காரில் ஏறினார். தேவாலயம் தாண்டியதும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். தேவாலயம் வந்தது. அடுத்து பெற்றோல் நிலையம் வந்துவிட்டது. இடையில் வீதியே இல்லை. திரும்பி வந்தார்... இல்லை. மனைவி கல்யாணியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"றோட்டைக் காணேல்லையப்பா!"

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. உங்கட கார் வாசலால போற சத்தம் கேக்குது."

கல்யாணி அன்ரி வெளியே ஓடினார். வீதி வெறிச்சோடிக் கிடந்தது. கார்ச் சத்தம் மட்டும் முகத்துக்கு நேரே வந்து, கடந்து போனது...

"நில்லுங்கோ!" என்று கத்தினார். எதைப் பிடித்து நிறுத்துவது?

"நான் மண்டபத்துக்கே போறன். றோட்டைத் திறக்கச் சொல்லிக் கேக்கிறன்" என்றார் சிறிதரன். அத்தோடு தொடர்பு அறுந்தது.

விடிந்தபோது கார் மண்டப வாசலில் நின்றது. கதவுகள் பூட்டியிருந்தன. பொலீஸ் உடைத்துப் பார்த்தது. தூசிதான்.

நம் கூட்டங்கள் இப்போதும் அங்கேதான். விளக்கை அணைத்ததும் மேலே சிறிதரனின் குரல் கேட்கும்... "றோட்டைத் திறக்க முன்மொழியிறன். ஆராவது வழிமொழியுங்கோவன்..." நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். பயம்தான், வேறென்ன?

கல்யாணி அன்ரி மட்டும் படியடியில் நின்று கையைத் தூக்கி, "நான்! நான் வழிமொழியிறன்!" என்று தொண்டை கிழியக் கத்துவார்.

மேலே... டொக். அதே களைத்த குரல், அவர் கத்தியதே கேட்காதது போல:

"வழிமொழிய யாருமில்லை."