ஒரு சாண் முன்னால்

பந்து எறிகிற மேட்டுக்கு மணல் ஆகாது. களிமண்தான் வேண்டும். முந்தின நாளே நனைத்து, மூடிவைத்து, காலையில் இடிகட்டையால் இடித்தால் சிமெண்ட் மாதிரி நிற்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மேடு சரியில்லை என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். ஹார்லன் ஃபோர்க் பேஸ்பால் மைதானத்தின் மண்ணை இருபத்தாறு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மேடு சரியாகத்தான் இருந்தது. ஓர் இடத்தைத் தவிர.

துணை ஷெரிஃப் ஐயா, நீங்கள் பேஸ்பால் பார்ப்பதில்லை என்று சொன்னீர்கள். அதனால் சேவ் என்றால் என்னவென்று எழுத வேண்டியிருக்கிறது. அது புரியாவிட்டால் நான் செய்தது புரியாது.

தன் அணி மூன்று ரன்னுக்குள் முன்னால் இருக்கும்போது கடைசி எறிகாரனாக ஒருவன் வருகிறான். ஒன்பதாவது இன்னிங்ஸை மட்டும் எறிகிறான். ஆட்டம் கைவிட்டுப் போகாமல் முடிந்தால் அவன் பெயருக்கு நேராக ஒரு சேவ் எழுதுவார்கள். ஆட்டத்தைக் காப்பாற்றினானாம். கையில் மூன்று ரன் இருக்கிறது, ஓடி ரன் எடுக்கப் பேஸில் எதிரணி ஆள் ஒருத்தனும் இல்லை, மூன்று பேரை அவுட்டாக்க வேண்டும். நடுவில் இரண்டு ரன் விட்டாலும் காப்பாற்றினவன்தான். தீயை வேறொருவன் அணைத்துவிட்டுப் போன வீட்டில் புகுந்து, குழாயை மூடிவிட்டு, பதக்கம் குத்திக்கொள்கிற வேலை அது.

தீயை அணைக்கிறவன் ஏழாவது இன்னிங்ஸில் வருவான். மூன்று பேஸிலும் ஆள் நிற்கும். ஒரே ரன் முன்னால் இருப்போம். ஒருத்தனும் அவுட்டாகியிருக்க மாட்டான். அவன் அதை அடைத்துவிட்டுப் போய் உட்காருவான். எங்கள் ஊர்ப் பேப்பரில் அவன் பெயருக்கு நேராக ஒன்றும் இருக்காது.

எங்கள் அணியில் அவன் ஹாலிஸ் பேண்டி. முப்பத்துநாலு வயது, தோளில் இரண்டு அறுவைத் தழும்பு. நாற்பத்தாறு வயதுவரை எனக்கு எழுத்து தெரியாது. எறிகாரர்கள் காத்திருக்கும் பெஞ்சில் பேப்பரை மடியில் விரித்து, ஆட்டக் கணக்கைக் காட்டித்தான் ஹாலிஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். நான் முதலில் வாசித்த பெயர் பேண்டி. அதற்கு நேரே இருந்த வெற்றிடத்தையும் அன்றுதான் வாசித்தேன்.

கடைசியில் வருகிறவன் ட்ரெண்ட் கோல்பி. ஆறடி ஆறங்குலம். வாயில் எப்போதும் புகையிலை. மேட்டில் நின்று இடதும் வலதும் துப்புவான். மண்வெட்டி போட்டால் களிமண் பிளக்கும் என்பதால் ஆட்டம் முடிந்ததும் நான் அதைக் கையால்தான் வழிப்பேன். கொழகொழவென்று பழுப்பாக, சில நாள் சூடு ஆறாமலே இருக்கும். சோப்புப் போட்டாலும் அந்த வாடை விரலை விட்டுப் போகாது. மதியம் ரொட்டியைக் கையில் எடுத்தால் குமட்டும். அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மண்ணு, அத ஏன் வழிக்கிற? உரம்யா அது. ஒரு செடி நட்டுப் பாரு," என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஹாலிஸ் சிரிக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை நான் வீரர்கள் அறைக்கு வெளியே சாக்கடை அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மேனேஜர் ரஸ் டோலிவர் ஹாலிஸோடு பேசிக்கொண்டிருந்தார். எறிகாரர்களில் ஒருவனைத் திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

"உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லப்பா. முதலாளி பேப்பரத்தான் பாக்குறாரு. கோல்பிக்கு இருபத்தொம்பது சேவ். உனக்கு என்ன இருக்குன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"அதுல பதினேழு ஆட்டத்த அவன் கையில கொண்டுபோய்க் குடுத்தவன்னு சொல்லுங்க."

"அதுக்குப் பேப்பர்ல கட்டம் இல்லயேப்பா."

ஹாலிஸுக்கு வேறு தொழில் தெரியாது. மச்சானின் பன்றிப் பண்ணையில் கழிவு அள்ளலாம், அந்தத் தோள் அதற்கு ஒத்துழைத்தால்.

கோல்பி இல்லாவிட்டால் ஹாலிஸை அனுப்ப முடியாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, கூட்டல் கழித்தல்.

எறிகாரன் ஒவ்வொருவனின் முன்கால் விழும் இடத்திலும் மேட்டில் ஒரு குழி உண்டாகும். ஆளுக்கு ஆள் அது மாறும். குழியைப் பார்த்தே யார் எறிந்தான் என்று நான் சொல்லிவிடுவேன். கோல்பியின் கால் மற்றவர்களைவிட ஒரு சாண் முன்னால் விழும், கொஞ்சம் பக்கவாட்டில். மட்டைக்காரன் இல்லாமல் கை சூடேற்றும்போது அவ்வளவு நீட்ட மாட்டான். மட்டைக்காரன் எதிரே நின்றால்தான் கால் முழுசாக நீளும். அந்த இடத்தில் வேறு யார் காலும் விழாது. எங்கள் ஆள் காலும் விழாது, வந்த அணியின் கால்களும் விழாது. இதை நான் கவனித்துத்தான் செய்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கண்டபடி செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் திறக்குமுன் அந்த இடத்தில் ஒரு தட்டு அகலத்துக்குக் களிமண்ணை முழங்கை ஆழம் எடுத்தேன். ஈரமணல் நிரப்பினேன். மேலே ஓர் அங்குலம் களிமண் பூசி இடித்து, காயவிட்டு, சீவிவிட்டேன். கால் புதையும், முழங்கால் திரும்பும், அவ்வளவுதான். அந்த முழங்காலால் இந்த ஊருக்கு ஆன நன்மை என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

எட்டு இன்னிங்ஸ் ஒன்றும் ஆகவில்லை. ஐந்துக்கு மூன்று, நாங்கள் முன்னால். கோல்பி வந்தான், துப்பினான், எட்டுப் பந்து எறிந்து கை சூடேற்றினான். முதல் மட்டைக்காரன் இரண்டாவது பந்திலேயே தூக்கியடித்து அவுட்டானான். அடுத்து வந்தவன் வஷான் என்ற பையன், இருபத்திரண்டு வயது. அவனுக்கு எறிந்த மூன்றாவது பந்தில் பூச்சு உடைந்தது. கோல்பியின் கால் கெண்டைவரை உள்ளே போனது. பந்து கையைவிட்டுப் போகும்போது அவன் பாதி விழுந்திருந்தான். அது வஷானின் ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே போய்ப் பட்டது.

கோல்பி புகையிலையை விழுங்கிவிட்டு என் மேட்டிலேயே வாந்தியெடுத்தான். அவனைத் தூக்கிப்போனார்கள். அம்பயர் என்னைக் கூப்பிட்டார். வாளி, களிமண், இடிகட்டை எல்லாம் நான் தயாராக வைத்திருந்தேன். வாந்தியை வழித்தேன். மணலை ஒரு பொட்டு விடாமல் வாளிக்குள் எடுத்தேன். களிமண் போட்டு இடித்தேன். ஒன்பது நிமிஷம் ஆனது. அறுபதடி தள்ளி வஷானைச் சுற்றி ஆட்கள் மண்டியிட்டிருந்தார்கள். அவன் ஒரு கால் உதறிக்கொண்டே இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. ஈரக் களிமண்ணை இடிக்கும்போது கண்ணை எடுக்கக் கூடாது.

ஹாலிஸ் வந்தான். மேட்டைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தான்.

"பெருசு, மேட்டுக்கு எதுக்கு மணலு?"

"எறி. இன்னும் ரெண்டு அவுட்டுதான். சேவ் உனக்குத்தான்."

பந்து பட்டவனுக்கு முதல் பேஸ் உண்டு. வஷானுக்குப் பதிலாக அங்கே வேறொருவன் ஓட நின்றான். ஹாலிஸ் நாலு பந்து எறிந்தான். நாலாவதைத் தரையில் அடித்தார்கள், அதிலேயே அடித்தவன், முதல் பேஸிலிருந்து ஓடினவன் இரண்டு பேரும் அவுட். யாரும் கை தட்டவில்லை.

திங்கட்கிழமை பேப்பரை நான்தான் அவனிடம் கொண்டுபோனேன். பேண்டி, சேவ், ஒன்று. பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தேன். டோலிவர் அவனை இருக்கச் சொல்லிவிட்டார், ஆனாலும் அவன் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். பேப்பரை வாங்கக்கூட இல்லை.

"அந்தப் பையன் இன்னும் கண்ணு தொறக்கலயாம்," என்றான். பிறகு, "எம்பேர வாசிக்க ஒனக்கு நான் கத்துக்குடுத்திருக்கவே கூடாது," என்றான். என் கை பட்டுவிடாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி வெளியே போனான். கோல்பி துப்பியதை வழிக்கும்போது நான் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை வஷான் இறந்துபோனான்.

மண்ணை நான்தான் மாற்றினேன். தெரிந்தே மாற்றினேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பையனை என் கணக்கில் எழுதாதீர்கள். பந்து போனது கோல்பியின் கையிலிருந்து. மட்டைக்காரன்மேல் பட்ட பந்து எறிந்தவன் பெயரில்தான் ஏறும். விதிப் புத்தகத்தில் பாருங்கள், இருக்கிறது. மண் பார்க்கிறவனுக்கு அதில் கட்டம் இல்லை.

உங்களிடம் வந்து சொன்னவன் ஹாலிஸ்தான் என்றீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. தன் பெயரிலுள்ள அந்த சேவ் வேண்டாம், அழித்துவிடுங்கள் என்று அவன் லீக்குக்குக் கடிதம் எழுதியிருப்பதாகவும் சொன்னீர்கள். அப்படியெல்லாம் அழிக்க முடியாது, ஐயா. ஆட்டத்தை ஜெயித்தாயிற்று. யாரோ ஒருவர் அதைக் காப்பாற்றித்தான் இருக்கிறார். ஹாலிஸுக்கு வேண்டாமென்றால் என் பெயருக்கு நேராகப் போடச் சொல்லுங்கள். வெண்டல் கிரிம்ஸ்ட். பேப்பரில் எழுத்துப்பிழை இல்லாமல் வரட்டும்.