வெயிலில் வைத்த பாட்டில்கள்

எனக்கு வெயில் பிடிக்கும், ஐயா. மற்றவர்கள் ஜீப்பை நிறுத்த மர நிழல் தேடுவார்கள். நான் வெட்டவெளியில்தான் விடுவேன். ஆபீசில் என்னைக் கருவாடு என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

கடற்கரையில் தண்ணீர் எடுத்து ஆய்வகத்தில் கொடுப்பது என் வேலை. கிருமியோ பூச்சிமருந்தோ அதிகம் இருந்தால் கரையில் சிவப்புக் கொடி ஏறும். யாரும் குளிக்கக் கூடாது. கொடி ஏறினால் அக்காவின் பிழைப்பு போச்சு. அத்தான் போன பிறகு அங்கே குடையும் நாற்காலியும் வாடகைக்கு விட்டுத்தான் மகளை வளர்த்தாள். போன கோடை முழுக்கக் கொடி இறங்கவே இல்லை. ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்டா, நீ அள்ளுற தண்ணியாலதான என் அடுப்பு எரிய மாட்டேங்குது? கொஞ்சம் பாத்து அள்ளக் கூடாதா?"

கூடப் பிறந்தவன் பிறகு எதற்கு இருக்கிறேன்?

நான் பொய்க் கணக்கு எழுதவில்லை. ஆய்வகம் சொன்ன எதையும் திருத்தவில்லை. பாட்டில்களை ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. நான் ஜீப்பின் மேல் வரிசையாக வைத்துவிட்டு, அக்காவின் குடைக்கு அடியில் உட்கார்ந்து கதை பேசுவேன். மதியத்துக்குள் வெயில் கிருமிகளின் கதையை முடித்துவிடும். முகத்துவாரத்தில் வந்து கலக்கும் பூச்சிமருந்துக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டும். நான் பிளாஸ்டிக்கில் பிடிப்பேன்; மருந்து அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வக வாசலில் கண்ணாடிக்கு மாற்றும்போது தண்ணீர் யோக்கியமாகியிருக்கும்.

கொடி இறங்கியது. கூட்டம் வந்தது. அக்கா மகளை நாங்கள் மீன்குஞ்சு என்போம். பள்ளி விட்டால் கடலில்தான் கிடப்பாள். ஒருநாள் சிப்பி கிழித்த காலைக் காட்டினாள்.

"மாமா, உப்புத் தண்ணி பட்டா புண்ணு ஆறிடும்ல?"

"ஆறிடும்மா" என்றேன். எல்லோரும் சொல்வதுதானே.

கால் கறுத்து வீங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது, டாக்டர் கடலில் இறங்கினாளா என்று கேட்டார். அக்கா வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

"இறங்கினா டாக்டர். ஆனா தண்ணி சுத்தம். டெஸ்டுக்கு எடுக்கறதே நான்தான்."

என் அடையாள அட்டையைப் பார்த்தார், நம்பினார், வேறு எதற்கோ மருந்து கொடுத்தார். பிள்ளை போய்விட்டாள். எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது, ஐயா. அக்கா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அடுத்த வாரமும் பாட்டில்களை வெயிலில்தான் வைத்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமிருந்து பிழைப்பையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீர் கெட்டது என்று தெரிந்தே செய்தாயா என்கிறீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? ஆய்வகமே சுத்தம் என்றுதானே சொன்னது. என் மகளை நான் ஒருநாளும் அந்தக் கடலில் கால் நனைக்க விட்டதில்லை என்பது உண்மைதான். அவளுக்குச் சட்டென்று சளி பிடித்துக்கொள்ளும், ஐயா.