நாறாத துணி

— மோந்து பாருடி. மூஞ்சியைத் திருப்பாம மோந்து பாரு.

— ஐயோ அண்ணி, எதுக்கு இதைப் பையில போட்டுத் தூக்கிட்டு வந்தீங்க?

— எதுக்கா? நீ சொல்லித்தானே இந்த ஓடுற பேண்ட்டை வாங்கினேன்! கடைவீதியில இந்தக் காசுக்கு நாலு பேண்ட் குடுப்பான். ‘விலையைப் பாக்காதீங்க அண்ணி, தரம்னு ஒண்ணு இருக்குல்ல, எவ்வளவு வேர்த்தாலும் நாறாது’ன்னு சொன்னது யாரு? எங்க வீட்டுக்காரர் விலையைப் பாத்துட்டு, ‘இந்தக் காசுக்கு உனக்குப் பதிலா ஓட ஆளும் அனுப்புவானா’ன்னு கேட்டாரு.

— அது வந்து... துவைச்சுப் பாத்தீங்களா?

— துவைச்சேன், ஊற வச்சேன், உள்பக்கம் திருப்பி வெயில்ல போட்டேன். கொடியில தொங்குறப்பவே லேசா ஒரு வாடை நிக்கும். போட்டுக்கிட்டு நாலு எட்டு ஓடினா போதும், கிளம்பிடும்.

— பவுடர் சரியில்லையோ என்னவோ அண்ணி.

— பவுடரா? இந்த வீட்டுல துணி துவைக்கிறது உன் புருஷன், என் தம்பிதானே. என்ன பவுடர் போடுறேன்னு அவனுக்கே போன் பண்ணிக் கேட்டேன். எங்க வீட்டுல இருக்கிற அதே பவுடர்தான்.

— அப்போ உங்களுக்கு வந்தது போலியா இருக்கும்.

— அடியேய், ஒரே கடை, ஒரே அலமாரி, பக்கத்துல நின்னு எடுத்துக் குடுத்ததே நீதான். தள்ளு, அந்தக் கொடியில தொங்குறது உன்னுதுதானே?

— அதை எதுக்கு அண்ணி... விடுங்க.

— இரு. ம்... பாரேன்! இப்பத்தான் கடையில பிரிச்ச மாதிரி இருக்கு. தினம் காலையில ஒரு மணி நேரம் குதிச்சுட்டு வர்றே, ஒரு பொட்டு வாடை இல்ல.

— எனக்கு அவ்வளவா வேர்க்காது அண்ணி.

— அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா, நான் துணியைத் திட்டிக்கிட்டு இருக்கேன். துணி நல்ல துணிதான். நாறுறது என் உடம்பு.

— சேச்சே, என்ன பேச்சு இது!

— சிரிக்காம கேளு. நேத்து எங்க தெருப்பக்கம் நடக்குற உடற்பயிற்சி வகுப்புல, என் பாய்க்குப் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு. ஓடி முடிச்சு வந்து உக்காந்தோம். மெதுவா, நான் பாக்காத மாதிரி, பாயை இழுத்து அந்தப் பக்கமாப் போட்டுக்கிட்டா. ஒண்ணும் சொல்லல. வாய்விட்டுச் சொல்லியிருந்தாக்கூடத் தேவலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஷூ லேஸை அவுக்கிறதும் கட்டுறதுமா இருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கிட்டு சாகலாம் போல இருந்துச்சு.

— அண்ணி...

— இப்போ நான் வேலை பாக்குற கடையில பில் போடுறப்பகூட, யாராவது கிட்ட வந்தா கையை ஒடுக்கிக்கிட்டு நிக்கிறேன். ரெண்டு வேளை குளிக்கிறேன். போதும்டி. நாளையிலேர்ந்து வகுப்புக்குப் போகப் போறதில்ல.

— அதெப்படி? சர்க்கரை எறங்கியிருக்குன்னு டாக்டர் மாத்திரையைக்கூடக் குறைச்சாரே!

— குறைச்சாரு. போன மானத்தை யாரு திருப்பித் தருவா? உனக்கென்ன, பூ மாதிரி போய்ட்டுப் பூ மாதிரி வர்றே. ஒண்ணு சொல்றேன், தலைக்கனம் வந்துடக் கூடாது. மூச்சு முட்டி, நின்னுடலாம்னு தோணுறப்பல்லாம் உன்னைத்தான் நெனைச்சுக்குவேன். ‘என் தம்பி பொண்டாட்டி என்னைவிடக் கனம், அவளே தினம் போறா, உனக்கென்னடி கேடு’ன்னு என்னையே திட்டிக்கிட்டு இன்னொரு சுத்து ஓடுவேன்.

— அப்படிச் சொல்லாதீங்க அண்ணி. உங்க கால்ல வேணா விழறேன், அப்படிச் சொல்லாதீங்க.

— ஏய், எதுக்குடி இப்ப அழுவுறே?

— உங்க உடம்புல ஒரு கோளாறும் இல்ல. வேர்த்தா எல்லாருக்கும் நாறத்தான் செய்யும்.

— உனக்கு நாறலையே!

— நான் வேர்க்கவே இல்ல அண்ணி. நான் வகுப்புக்கே போறதில்ல.

— என்னது?

— மொத நாள் மட்டும் போனேன். சுத்தியும் கண்ணாடி. உக்காந்து எழுந்திருங்கன்னாங்க. உக்காந்தேன், எழுந்திருக்க முடியல. ரெண்டு பேர் வந்து கையைப் பிடிச்சுத் தூக்கினாங்க. பின்னாலேர்ந்து ஒருத்தி, ‘பாத்துத் தூக்குங்க, விலை ஒசந்த துணி, பாவம்’னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன் அண்ணி, அதுதான் இன்னும் அறுக்குது. அப்புறம் அந்தப் படி ஏறல.

— அப்போ விடிஞ்சதும் தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டு எங்கடி போறே?

— பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்துக்குவேன். ஆரம்பத்துல பஸ் நின்னு பாத்துட்டுப் போகும். இப்போ டிரைவருக்கே பழகிப்போச்சு, என்னைக் கண்டா நிறுத்துறதில்ல. வீட்டுக்குத் திரும்புறப்ப பாட்டில் தண்ணியை எடுத்து மூஞ்சியில, கழுத்துல தெளிச்சுக்குவேன். வேர்த்த மாதிரி இருக்கட்டும்னு.

— அடிப்பாவி! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கியே! சரி, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதே. அந்தத் துணி குடுத்த காசுக்குத் தேறுமா, தேறாதா?

— எனக்கெப்படித் தெரியும் அண்ணி? உக்கார நல்லாத்தான் இருக்கு.

— சிரிக்க வைக்காதேடி, நான் கோவமா இருக்கேன். இரு... அப்போ என் துணி நாறுறது...

— நீங்க நெஜமாவே ஓடினதால. அவ்வளவுதான். என்னை எவ்வளவு வேணா திட்டுங்க, வகுப்பை மட்டும் விட்டுடாதீங்க.

— உன்னைத் திட்டி என்னத்தைக் கண்டேன். மூக்கைத் துடை மொதல்ல.

— ஒண்ணே ஒண்ணு அண்ணி. உங்க தம்பிக்கு மட்டும் தெரிய வேணாம். அவர் பிஞ்ச செருப்போட நடந்துக்கிட்டு, எனக்கு இதை வாங்கித் தந்தாரு. ‘நல்லதாவே எடுத்துக்க, அப்பத்தான் போகணும்னு மனசு வரும்’னாரு. தெரிஞ்சா அவர் மூஞ்சியில என்னால முழிக்க முடியாது. ஏன் அண்ணி, மறுபடி அந்தத் துணியைத் தொட்டுப் பாக்குறீங்க?

— பவுடரைப் பத்திக் கேட்டேன்னு சொன்னேன்ல.

— ஆமா.

— பவுடர் பேரைச் சொல்லிட்டு, ‘பவுடர்ல ஒண்ணும் இல்லக்கா. நீ அவகிட்டயே போய்க் கேளு. என்கிட்ட சொல்லக் கூச்சப்படுவா, உன்கிட்டன்னா சொல்லுவா’ன்னான். எனக்கு அப்போ புரியல.

— அவருக்கு எப்படி...

— துவைக்கிறவனுக்குத் தெரியாதாடி, எது வேர்த்த துணி, எது வேர்க்காத துணின்னு?

— இன்னிக்குக்கூட நான் வந்ததும் கழட்டிக் குடுன்னு வாங்கி, தேய்ச்சுத் துவைச்சுக் கொடியில போட்டுட்டுத்தான் வேலைக்குப் போனாரு அண்ணி. நாளைக்குன்னு அந்தப் பாட்டில்லயும் தண்ணி புடிச்சு வச்சுட்டு.