நடிக்கிற கை

கண்மாய் உடைந்து, செம்மறியாடுகளைப் பள்ளிக்கூட மாடியில் ஏற்றினோமே, அதில் ஒரு கிடா இறங்க மாட்டேனென்று நின்றதே, அதற்கடுத்த சித்திரை. கொடைரோட்டில் திண்டுக்கல் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இருந்த பூக்காட்டுப் பெண் பக்கத்து அம்மாவிடம் சொன்னாள்:

“ஏங்கை காலையில மட்டும் நடிக்குதாம் பெரியம்மா. எங்க மாமியா சொல்லுது.”

“கை எப்பிடித்தா நடிக்கும்?”

“விடியக்காலம் மல்லி மொட்டெடுக்கப் போனா வெரலு மடங்க மாட்டேங்குது. மத்தியானம் சோறு திங்க மட்டும் மடங்குதாம்ல. இப்பவே எளகிருச்சு. டாக்டரும் நடிப்புன்னு சொன்னா? பேசாம அடுத்த ஸ்டாப்புல எறங்கிரவா?”

அந்த அம்மா தன் கையை விரித்துக் காட்டினார். விரல்கள் ஒரு பக்கமாகக் கோணியிருந்தன.

“நானும் இப்பிடித்தான் பாதியில எறங்குனேன். முள்ளு குத்துனா வீங்குது, அது ஒடம்பு நம்மளக் காக்குற வேல. இது முள்ளே இல்லாம வீங்குறது. அதே ஒடம்பு ஆளு தெரியாம நம்ம மூட்டுகளையே போட்டு அடிக்குது. தொட்டாச் சுடும். ராத்திரி அசையாமக் கெடந்தா இறுகும், வேல செய்யச் செய்ய எளகும். காலையில எம்புட்டு நேரம் மடங்கலன்னுதான் டாக்டரு மொதல்ல கேப்பாக. இப்பவே மாத்திர தின்னா அடக்கிப்புடலாம். ஒக்காரு.”

நிறுத்தம் வந்தது, அவள் எழவில்லை. புருஷனுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, நா ஆஸ்பத்திரிக்கே போறேன். நாளைக்கு விடியக்காலம் ஒங்கம்மா ஏங்கையத் தொட்டுப் பாக்கட்டும். நடிக்கிற கை சுடாதுன்னு அவுககிட்டச் சொல்லிருங்க.”