நடு ஹாலில் நாலு ஜாக்கி

மாப்பிள்ளை: ...ஐயோ, கூரைக்கு முட்டுக் கொடுத்திருக்கிற அந்த ஜாக்கி மேல சாயாதீங்க மச்சான்! இந்த வீட்ல ஒழுங்கா வேலை செய்யிறது அது ஒண்ணுதான்.

அண்ணன்: சாயல மாப்பிள்ளை. தொட்டுப் பார்த்தேன்.

மாப்பிள்ளை: தொடவும் வேண்டாம். நீங்க தொட்ட வரைக்கும் போதும். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தீங்க, சரி. வீட்டையும் நீங்களேதான் கட்டிக் கொடுக்கணுமா?

அண்ணன்: தங்கச்சி விஷயத்துல இதுவரைக்கும் நீங்க கேஸ் போடலையே.

மாப்பிள்ளை: அவளுக்கு ஜாக்கி தேவைப்படல.

அண்ணன்: ம்... உட்காரலாமா? இல்ல, பிரதிவாதின்னா நின்னுக்கிட்டேதான் இருக்கணுமா?

மாப்பிள்ளை: உட்காருங்க... அங்க இல்ல! அந்தப் பக்கம் பீம் இறங்கியிருக்கு. இப்படி வாங்க. குழி, குழி! காலையில என்ஜினியர் தோண்டினது. ஆங்... ரெண்டு ஜாக்கிக்கும் நடுவுல நாற்காலியைப் போட்டுக்குங்க. வர்ற சொந்தக்காரங்களை எல்லாம் அங்கதான் உட்கார வைக்கிறோம். ஜெயில் கம்பிக்கு உள்ள இருக்கிற நம்மளைப் பார்க்க வந்தாங்களா, இல்ல அவங்களேதான் உள்ள இருக்காங்களான்னு அவங்களுக்கே குழப்பம்.

அண்ணன்: ஜாக்கியில துண்டு காயுது.

மாப்பிள்ளை: பின்ன? வாடகை ஜாக்கி. சும்மா நிக்க விட முடியுமா?

தங்கை: அண்ணா, டீ எடுத்துக்க.

மாப்பிள்ளை: ஏய்! பிரதிவாதிக்கு டீ கொடுக்கலாமான்னு நம்ம வக்கீலைக் கேட்டியா?

தங்கை: கேட்டேன். சர்க்கரை இல்லாம கொடுக்கலாம்னாரு.

மாப்பிள்ளை: மொட்டை மாடியில என்ஜினியர் இருக்காரே, அவருக்கு?

தங்கை: கொடுத்துட்டுத்தான் வர்றேன். சுத்தியலால தட்டுறாரு, தரையில காதை வச்சுக் கேட்கிறாரு, உச்சுக் கொட்டுறாரு. மறுபடி தட்டுறாரு.

மாப்பிள்ளை: உச்சுக் கொட்டுறாரா? நல்லது, நல்லது. கோர்ட்டு அனுப்பின ஆளு மச்சான். அவர் எழுதிக் கொடுக்கிறதுதான் தீர்ப்பு. நடு ஹால்ல நிக்க வேண்டிய பில்லர் எங்க போச்சுன்னு இன்னைக்கு வெளிச்சமாயிடும்.

அண்ணன்: எங்கேயும் போகல. அது வரவே இல்ல.

மாப்பிள்ளை: அதைத்தானே நான் கேட்கிறேன்! பிளான்ல இருக்கு. கட்டம் போட்டு, உள்ள கறுப்படிச்சு, கீழ உங்க கையெழுத்தோட இருக்கு. பிளானைக் குனிஞ்சு பார்த்தாலே தலை இடிக்கும். இங்க வந்து பார்த்தா வெறும் காத்து! கம்பியைத் தின்னீங்களா, சிமெண்டைத் தின்னீங்களா?

அண்ணன்: எனக்குச் சோறே செரிக்க மாட்டேங்குது மாப்பிள்ளை. அல்சர்.

மாப்பிள்ளை: ஜோக்கு! லைசென்ஸ் போன பிறகும் இப்படியே ஜோக்கடிங்க.

அண்ணன்: போயிடும்னுதான் என் வக்கீலும் சொல்றாரு. உங்க வக்கீல் கார்லதான் வந்து இறங்கினாரு. ரெண்டு பேரும் கூட்டா ஒரு மனை வாங்கியிருக்காங்களாம். வீடு கட்டித் தர முடியுமான்னு என்னைக் கேட்டாங்க.

மாப்பிள்ளை: உங்களையா?

அண்ணன்: நடுவுல பில்லர் மட்டும் வச்சுடுங்கன்னாங்க.

மாப்பிள்ளை: ...சிரிக்கிறியா நீ? உள்ள போய்ச் சிரி. இங்க அதிர்ந்தா விழுந்துடும்.

தங்கை: சிரிக்கல. விரிசல்ல இருந்து தூசி விழுந்துச்சு. இருமினேன்.

மாப்பிள்ளை: குடிவந்த அன்னைக்கு ஊரைக் கூட்டி வச்சு, "என் மச்சான் கட்டின வீடு"ன்னு மார் தட்டினேன் மச்சான். அடுத்த வாரம் வாசக்கதவு சாத்த முடியல. அதுக்கப்புறம் ஜன்னல் தானா திறந்துக்கிச்சு. இப்ப பசங்களை எங்கம்மா வீட்ல விட்டு வச்சிருக்கேன். மேல என்ன இருக்குன்னு பார்த்துக்கிட்டே தூங்குறவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அண்ணன்: ...சோபா எங்க மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: எது?

அண்ணன்: "ட" மாதிரி வளைஞ்சிருக்குமே. இந்த ஹாலுக்கே அளவெடுத்துச் செஞ்சது.

மாப்பிள்ளை: கார் ஷெட்ல.

அண்ணன்: அப்போ கார்?

மாப்பிள்ளை: ரோட்ல. சோபா பேச்சை இப்ப யாரு எடுத்தா? மேல சத்தம் நின்னுடுச்சு. நான் போய் அவரைக் கூட்டிட்டு வர்றேன். நீங்க எதையும் தொடாதீங்க.

தங்கை: ...போயிட்டாரு. அண்ணா, இன்னைக்காவது என்ஜினியர்கிட்ட சொல்லிடேன்.

அண்ணன்: என்னத்தை?

தங்கை: பில்லர் வேண்டாம்னு உன்கிட்ட வந்து நின்னது நான்தான்னு.

அண்ணன்: மெதுவா பேசு. வீடு பூரா விரிசல். சத்தம் எது வழியா வேணா போகும்.

தங்கை: லைசென்ஸ் போயிடும்ணா! வேற என்ன வேலை தெரியும் உனக்கு?

அண்ணன்: போனா போகட்டும். உன் பேரைச் சொன்னா அந்த மனுஷன் உன்னைச் சும்மா விடுவாரா? காலையில எழுந்ததும் ஒரு ஜாக்கியைக் காட்டுவாரு, படுக்கப் போறப்போ ஒரு ஜாக்கியைக் காட்டுவாரு. எனக்காவது எப்பவாவதுதான் வாய்தா. உனக்கு தினம்.

தங்கை: நீ அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்.

அண்ணன்: சொன்னேனே. நீ அழுதே. சாரத்துக்குக் கீழ, செங்கல் அடுக்கு மேல உட்கார்ந்துக்கிட்டு... அப்பா போனப்போகூட நீ அப்படி அழல. "வீட்டுக்கு நடுவுல ஒரு சோபா போட்டு உட்காரணும்னு நினைச்சது தப்பா அண்ணா"ன்னு கேட்டே. கொத்தனாரெல்லாம் கரண்டியைக் கீழ வச்சுட்டு என்னை முறைச்சாங்க. பீமைக் கொஞ்சம் தடியாக்கினா தாங்கிடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தாங்காதுன்னும் தெரியும்.

தங்கை: அண்ணா... அந்த அழுகை...

அண்ணன்: விடு. இந்த ஊரே என்னைக் கம்பித் திருடன்னு சொல்லட்டும். நீ அழுததை நினைச்சுக்கிட்டா எனக்கு அது உறைக்கல.

தங்கை: இல்லண்ணா, நான் சொல்ல வந்தது...

அண்ணன்: இறங்கி வர்றாங்க. கண்ணைத் துடை.

என்ஜினியர்: பில்டர் யாருங்க?

அண்ணன்: நான்தான் சார்.

என்ஜினியர்: கம்பியெல்லாம் கணக்காப் போட்டிருக்கீங்க. சிமெண்டுலயும் கை வைக்கல. திருடிக் கட்டின வீடு மாதிரி தெரியலையே.

மாப்பிள்ளை: சார், ஒரு பில்லரையே காணோம் சார்!

என்ஜினியர்: அதுக்குத்தான் வர்றேன். இந்தக் குழியைப் பாருங்க. அடியில பில்லருக்கு அஸ்திவாரம் இருக்கு. கம்பிகூட மேல கிளம்பியிருக்கு. அப்புறம் அதை அறுத்துட்டு மேல டைல்ஸ் ஒட்டியிருக்காங்க. பாதியில யாருக்கோ மனசு மாறியிருக்கு. யாருக்கு?

அண்ணன்: எனக்குத்தான் சார்.

என்ஜினியர்: யாரும் சொல்லாமலா? கிளம்பின கம்பியை எந்த பில்டரும் தானா அறுக்க மாட்டான். எழுதிட்டேன்னா அவ்வளவுதான், அப்புறம் நீங்க இந்தத் தொழில்ல இருக்க முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

அண்ணன்: யாரும் சொல்லல சார். எழுதிக்குங்க.

மாப்பிள்ளை: கேட்டீங்களா சார்? அவர் வாயாலயே...

என்ஜினியர்: இருங்க. வீட்டுக்காரரையும் கேட்டாகணும். பில்லர் வேண்டாம்னு பில்டர்கிட்ட நீங்க சொன்னீங்களா?

மாப்பிள்ளை: சத்தியமா இல்ல சார். கோர்ட்டுலயும் இதையேதான் சொன்னேன். இவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. வேணும்னா இவர் தங்கச்சியையே கேளுங்க.

என்ஜினியர்: அப்படியாம்மா?

தங்கை: உண்மைதான் சார். இவர் எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தைகூட பேசல. "சோபாவுக்கு அளவு கொடுத்தாச்சு, நான் கேட்டா உங்கண்ணன் முடியாதுன்னுடுவாரு, நீ போய் அழு"ன்னு என்கிட்டதான் சொன்னாரு.